டோக்கியோவில் செந்திரு-சான் விழுந்த கதை

ஜூன் 8, 2025, ஞாயிறு

மாமியாரை டோக்கியோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வர வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். மச்சினன் மனைவிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மாமியார் தனியாக விமானம் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மச்சினன் இருப்பது நிஷி-கசாய். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம்மவர்கள் கூட்டமாகக் குடியிருக்கும் பகுதி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் "டேய் பையை விடாதடா" என்று ஒரு அம்மா தன் பையனை அதட்டும் தமிழ்க் குரல் கேட்டது. மாமியாருக்கு அப்போதுதான் முகத்தில் தெளிவு வந்தது.

பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றிலும் பெருங்காய வாசம். நல்லெண்ணெய் டின் நசுங்காமல் இருக்க மாமியார் அதை என் கராத்தே உடைக்குள் சுற்றி வைத்திருந்தார். ஆமாம், உடையைக் கையோடு கொண்டு வந்திருந்தேன். ஈரோடு பக்கம் கோபியில் காலையில் ஒரு பள்ளிக்கூட கிரவுண்டிலும் சாயங்காலம் ஒரு மொட்டை மாடியிலும் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக் கொடுக்கிறேன். 26 வருடம், ஷோட்டோகான் என்ற கராத்தே வகை, மூன்றாம் டான், அதாவது பிளாக் பெல்ட்டில் மூன்றாம் படி. ஜப்பானுக்குப் போய்விட்டு ஒரு டோஜோவில், அதாவது பயிற்சிக் கூடத்தில், கால் வைக்காமல் வந்தால் என் மாணவர்களே என்னை மதிக்க மாட்டார்கள்.

"மாமா, பக்கத்துல கராத்தே எதுவும் இல்ல. நடந்து போற தூரத்துல ஜூடோதான் இருக்கு. எலும்பு வைத்தியம் பாக்கற ஒருத்தர் நடத்தறார். ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான் மச்சினன்.

"கிட்டத்தட்ட" என்றேன்.

ஜூன் 9, திங்கள்

கீழே வைத்தியசாலை, மேலே டோஜோ. நாற்பது பாய் இருக்கும். மெத்தென்ற பச்சைப் பாய், சுவரோரம் ஒரு பழைய மின்விசிறி, வியர்வையும் தைலமும் கலந்த வாசனை. சென்செய்க்கு, அதாவது ஆசிரியருக்கு, எழுபது வயது இருக்கும். என் தோள் உயரம்தான். காது இரண்டும் பிசைந்து வைத்த மாவு மாதிரி, வருடக்கணக்கில் பாயில் உரசி நசுங்கிய ஜூடோக்காரர் காது.

முதல் நாள் என்பதால் மச்சினன் மொழிபெயர்க்க வந்திருந்தான். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல இடுப்பை வளைத்து "ஓஸ்!" என்று ஒரு சத்தம் போட்டேன். ஊரில் எங்கள் வகுப்பில் எல்லாவற்றுக்கும் ஓஸ்தான். வணக்கத்துக்கும் ஓஸ், சரிக்கும் ஓஸ், தண்ணி குடிக்கலாமா என்பதற்கும் ஓஸ். இங்கே ஒரு ஹைஸ்கூல் பையன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். பெரியவர்களிடம் அப்படிச் சொல்வது காலேஜ் பசங்க தங்களுக்குள் "டேய் மச்சி" என்பது போல இருக்கும் என்று மச்சினன் பிறகு சொன்னான். இங்கே குனிந்து "ஒனெகாய்ஷிமாஸ்" என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிக் கொடுங்கள், தயவு பண்ணுங்கள் என்ற மாதிரி அர்த்தம். 26 வருடமாக நான் யாரிடம் என்ன கத்திக்கொண்டிருந்தேனோ.

எத்தனை வருடம் என்று சென்செய் கேட்டார். சொன்னேன். மெதுவாகத் தலையாட்டினார். அப்புறம் கேட்டது ஒரே கேள்வி. விழத் தெரியுமா?

தெரியும் என்று ஒரு உருளல் போட்டுக் காட்டினேன். முதுகில் எலும்பு எலும்பாகப் பாய் இடித்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு வெள்ளை பெல்ட்டை எடுத்து வந்தார். என் பையில் பிளாக் பெல்ட் இருந்தது, இரண்டு பக்கமும் பேர் எம்பிராய்டரி போட்டது. அதை வெளியே எடுக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு விழத் தெரியாததற்குக் காரணம் சிமெண்ட். ஷோட்டோகானிலும் தூக்கிப்போடும் முறைகள் உண்டு. ஆனால் மொட்டை மாடியில் யாரைப் போய்த் தூக்கிப் போடுவது? என் மாஸ்டர் காட்டவில்லை, அவருக்கு அவர் மாஸ்டர் காட்டவில்லை. மண் கிரவுண்டில் சரளைக்கல், மாடியில் சிமெண்ட். குத்து, தடு, உதை என்று நின்றபடியே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

என்னை உகெமிக்கு, அதாவது விழும் பயிற்சிக்கு, ஒப்படைத்தது ஒரு பதினோரு வயதுப் பெண்ணிடம். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, தொப்புளைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கம் சாய்ந்து, இரண்டு கையாலும் பாயை பளார் என்று அறைய வேண்டும். அவள் விழுந்தால் ஒரே சத்தம். நான் விழுந்தால் மூன்று சத்தம், முதலில் இடுப்பு, அப்புறம் முதுகு, கடைசியாகக் கை. ஒவ்வொரு முறையும் அவள் என் பின்மண்டைக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள், தரையில் படுகிறதா என்று. நூறு முறைக்கு மேல் விழுந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் தலையைத் தூக்க முடியவில்லை. நிஜமாகவே. கையால் முடியைப் பிடித்துத் தூக்கி உட்கார வேண்டியிருந்தது. மோவாயை உள்ளே இழுத்து இழுத்து, கழுத்தின் முன்பக்கம் இப்படி ஒரு தசை இருப்பதே நேற்றுவரை தெரியாது.

மாமியார் தவாவில் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். ஊருக்கு வீடியோ கால் போட்டால் மனைவி என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எங்கம்மாவைக் கொண்டுபோய் விடச் சொன்னா காசு குடுத்து அடி வாங்கறீங்களா?" என்கிறாள். பின்னால் மகன் சிரிக்கும் சத்தம்.

மழைக்காலம் தொடங்கிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். ட்ஸுயு என்கிறார்கள், பிளம் பழம் பழுக்கும் காலத்து மழை. நம்மூர் ஐப்பசி மழை போல அடித்துப் பெய்யாது, நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும்.

பிளாஸ்டிக் குடை ஒன்று 770 யென்னுக்கு வாங்கினேன். ஒரு யென் கிட்டத்தட்ட அறுபது காசு, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைக் கடை வாசல் ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஒரு அரிசி உருண்டை வாங்கித் திரும்பினால் ஸ்டாண்டில் ஒன்பது குடை. ஒன்பதும் ஒரே கண்ணாடி நிறம், ஒரே வெள்ளைப் பிடி. ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். அரிசி உருண்டைக்குள் இருந்த உமெபோஷி, நம் உப்பு நெல்லிக்காய்க்குச் சித்தப்பா மகன். ஐந்து வாங்கியிருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

இன்று இரண்டு அவமானம். சிறியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரண்டோரி, அதாவது விட்டுப் பிடிக்கும் பயிற்சிச் சண்டையில், நானும் அந்த ஹைஸ்கூல் பையனும். கராத்தே உடை மெல்லிய துணி. சட்டை மாதிரி. கையை நீட்டிக் குத்தினால் படக் என்று சத்தம் வர வேண்டும் என்பதற்காகவே கஞ்சி போட்டு வைத்திருப்போம். அவன் என் தோள்பட்டைத் துணியைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். தையல் அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரே நேர்க்கோட்டில் கிழிந்தது. அவன் கையில் என் கை மட்டும் இருந்தது, உடைக் கை. பாவம், பையன் பயந்துபோய் ஆறு தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டான்.

இனி பெரிய அவமானம். சென்செய் கடன் கொடுத்த ஒரு பழைய ஜூடோ உடையை மாட்டிக்கொண்டு அந்தப் பதினோரு வயதுப் பெண்ணோடு நின்றேன். அவளுக்குப் பயிற்சி கொடுக்க என்னை நிறுத்தினாரா, எனக்குக் கொடுக்க அவளை நிறுத்தினாரா தெரியாது. குனிந்து வணங்கிவிட்டு அவள் என் காலரைப் பிடிக்கக் கையை நீட்டினாள். என் இடது கை தானாக எழும்பி டக் என்று தடுத்தது. நான் நினைக்கவே இல்லை. 26 வருடமாக முகத்துக்கு நேரே வரும் கையை அப்படித்தான் தட்டிவிட்டிருக்கிறேன், மூளைக்குச் சேதி போவதற்கு முன்னாலேயே. முன்கை எலும்பு அவள் மணிக்கட்டில் பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

டோஜோ முழுக்க நிசப்தம். எனக்கு வியர்த்துவிட்டது. அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு "தாய்ஜோபு" என்றாள், பரவாயில்லை என்று. மறுபடி வணங்கினாள். மறுபடி கையை நீட்டினாள், இந்த முறை மெதுவாக, மிரண்ட கன்றுக்குட்டியிடம் புல்லை நீட்டுவது போல. நான் இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, பிடித்துக்கொள் என்று நின்றேன். அந்த நிற்கிற நிலை இருக்கிறதே, அது எவ்வளவு கஷ்டம் என்று கராத்தேக்காரனுக்குத்தான் தெரியும். எதிராளியின் கை எட்டாத தூரத்தில் இருப்பதுதான் எங்கள் பாடத்தில் பாதி. ஜூடோ பாடம் கை எட்டின பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பிடித்ததும் அவள் என் முன்காலைத் தட்டிவிட்டாள். தெஆஷி-பராய். முன்னே வைக்கும் காலில் எடை இறங்குகிற அந்த நொடியில் பாதத்தால் பெருக்கிவிடுவது. நானோ கராத்தே பழக்கத்தில் முன்காலை அகட்டி, எடையெல்லாம் அதிலேயே போட்டு, சிலை மாதிரி நின்றிருந்தேன். 74 கிலோ. அவளுக்கு 35 இருந்தால் அதிகம். விழுந்தேன், ஆனால் ஒரே சத்தமாக விழுந்தேன். அதற்கு அவள் கைதட்டினாள்.

வரும் வழியில் ஜூடோ உடை ஒன்று வாங்கியாகிவிட்டது. 9,800 யென். கனமான நெசவு, கையில் எடுத்தால் ஜமுக்காளம் மாதிரி இருக்கிறது. எங்கள் பவானி ஜமுக்காளம்தான் நினைவுக்கு வந்தது. இதைக் கிழிக்க வேண்டுமென்றால் இரண்டு மாடு வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

கொடோகான் போனேன். ஜூடோவின் தலைமையகம். கொராகுயென் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். வாசலில் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் சிலை. நான் ஏதோ பெரிய கோயில் மாதிரி மரத்தூண், ஓட்டுக்கூரை என்றெல்லாம் கற்பனை பண்ணிக்கொண்டு போயிருந்தேன். இது எட்டு மாடி ஆபீஸ் கட்டடம். லிஃப்டில் ஏறி ஏழாவது மாடிப் பொத்தானை அமுக்கினால் ஜூடோ.

எட்டாவது மாடியில் பார்வையாளர் இருக்கை, கீழே ஏழில் பெரிய டோஜோ. 420 பாய். மேலிருந்து பார்க்கையில் பயிற்சி முழுக்கத் தெரிகிறது. வெள்ளை வெள்ளையாக ஜோடி ஜோடியாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அங்கங்கே ஒன்று விழுகிறது, எழுகிறது, மறுபடி பிடிக்கிறது. கூச்சல் இல்லை. எங்கள் வகுப்பில் காது கிழியக் கத்துவோம். இங்கே பாய் அறையும் சத்தம்தான், மழை கனத்து ஓட்டில் விழுவது போல விட்டு விட்டு.

எழுபது தாண்டிய ஒருவர், சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பெல்ட் கட்டியவர், ஒரு ஐரோப்பியப் பையனோடு சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் இவரைப் போல ஒன்றரை மடங்கு. அவர் எதையும் அவசரமாகச் செய்யவில்லை. ஒரு கட்டத்தில் பையன் தரையில் இருந்தான், எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது. பக்கத்து இருக்கைக்காரர் போனில் உலக சாம்பியன்ஷிப் பார்த்துக்கொண்டிருந்தார், புடாபெஸ்ட்டில் இன்றுதான் தொடக்கம். கீழே நிஜமாக நடப்பதை விட்டுவிட்டு இவர் போனைப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். அப்புறம் நானும் எட்டிப் பார்த்தேன்.

பெல்ட் தேர்வில் பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சண்டைக் கலைகளில் டான் என்ற பட்டத்தை முதலில் கொடுத்தது யார்? எங்கள் ஷோட்டோகானைத் தொடங்கியவர் என்பதால் ஃபுனகோஷி என்று பாதிப் பேர் எழுதுவார்கள், தப்பு என்று சிவப்பு மையில் போடுவேன். கானோதான். 1882-ல் எய்ஷோஜி என்ற கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்து ஆரம்பித்தார், அடுத்த வருடமே இரண்டு மாணவர்களுக்கு முதல் டான். ஒகினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபுனகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோ வந்தபோது, கொடோகானுக்குக் கூப்பிட்டுக் கராத்தேயைச் செய்து காட்டச் சொன்னவரும் இதே கானோதான். அப்போது கொடோகான் இருந்தது வேறு கட்டடம். அதன் பிறகு ஃபுனகோஷி டான் பட்டத்தையும் பெல்ட்டையும் ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டார். உடையும் ஜூடோ உடையின் மெலிந்த வடிவம்தான். 1924-ல்தான் கராத்தேயில் முதல் டான்.

இதையெல்லாம் எத்தனையோ வருடமாக வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நேற்று அக்குளில் கிழிந்தபோதுதான் உறைத்தது. பிடித்து இழுப்பதற்கென்று தைத்த உடையை நாங்கள் வாங்கிவந்து, யாரும் பிடிக்கவே மாட்டார்கள் என்ற தைரியத்தில் மெலிசாக்கியிருக்கிறோம்.

இரவு ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஓயகோதோன், கோழியும் முட்டையும் சோற்றின்மேல். பேருக்கு அர்த்தம் 'பெற்றவரும் பிள்ளையும்'. மாமியாரிடம் சொல்லவில்லை, குழந்தை பெற்ற வீடு.

திரும்பும்போது ஸ்டேஷன் படியில் வழுக்கினேன். நான்கு நாள் உகெமி. கையை அகலமாக வைத்துப் பக்கவாட்டில் அறைய வேண்டும், கையை ஊன்றவே கூடாது என்று அந்தப் பதினோரு வயதுப் பெண் நூறு தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அழகாக உள்ளங்கையை ஊன்றினேன். மணிக்கட்டு பிசகிவிட்டது. குடை வேறு உடைந்தது.

ஜூன் 15, ஞாயிறு

மழை நிற்கவில்லை. ஜூடோ உடை காயவில்லை. வியாழக்கிழமை வாங்கி, நேற்றைய வகுப்பில் நனைந்து, துவைத்து பால்கனியில் தொங்கவிட்டது இருபது மணி நேரம் கழித்தும் சொட்டுகிறது. வீட்டுக்குள் குழந்தைத் துணி. அந்தக் கொடியில் என் ஜமுக்காளத்துக்கு இடமில்லை, இருந்தாலும் அந்த வாசனையைக் குழந்தை பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்று மாமியார் உத்தரவு.

தெருமுனையில் காசு போட்டுத் துவைக்கும் கடை. உலர்த்தும் மெஷினில் 100 யென்னுக்கு எட்டு நிமிடம். நான்கு நாணயம் போட்டேன். போதாது என்று இன்னும் நான்கு. பெருமையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன், வெளியே எடுத்தபோது இட்லி மாதிரி சூடு, மொறமொறவென்று காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. பேன்ட் கரண்டைக்கு நான்கு விரல் மேலே. பருத்தி. சூட்டில் சுருங்கும் என்று ஈரோடு மாவட்டத்துக்காரனுக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் செய்தேன்.

சாயங்காலம் வலி தாங்காமல் பொதுக் குளியலறைக்குப் போனேன், செந்தோ என்கிறார்கள். 550 யென். ஒட்டுத்துணி இல்லாமல் பத்துப் பதினைந்து ஆண்களோடு குளிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் சுவரில் வரைந்திருந்த ஃபுஜி மலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி நீர் கொதிக்கிறது. இறங்கினால் ஒவ்வொரு காயமும் தனித்தனியாகப் பேர் சொல்லி எழுந்தது.

எதிரே ஒரு தாத்தா, தலையில் மடித்த துண்டு. என் கையில், நெஞ்சில், காலர் உரசிச் சிவந்த கழுத்தில், டேப் சுற்றிய விரல்களில் எல்லாம் அவர் கண் மெதுவாகப் போய் வந்தது. "ஜூடோ?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் துண்டை எடுத்துவிட்டு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி இடது காதைக் காட்டினார். அதே பிசைந்த மாவு. காட்டிவிட்டு, மறுபடி துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். வேறொன்றும் பேசவில்லை. இருவருமாக இன்னும் பத்து நிமிடம் வெந்தோம்.

ஜூன் 17, செவ்வாய்

மழை போய் வெயில். சாயங்காலம் ஆறு மணிக்கும் சட்டை முதுகில் ஒட்டுகிறது. டோஜோவில் அந்த ஒற்றை மின்விசிறி.

இன்று தரைப் பிடி. அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா, வகுப்புக்குத் தினமும் சைக்கிளில் வருகிறவர், முன் கூடையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்கும். அவர் என்னை கேசா-கதாமேயில் பிடித்தார். கழுத்தைச் சுற்றி ஒரு கை, என் வலது கையை அக்குளில் இடுக்கி, பக்கவாட்டில் உட்கார்ந்து, அவ்வளவுதான். போட்டியில் இப்படி 20 விநாடி பிடித்தால் ஆட்டம் முடிந்தது. எனக்கு ஐந்தாவது விநாடியிலேயே மூச்சு முட்டியது. பலமாக உந்தினேன். உந்த உந்த அவர் கனமாகிக்கொண்டே போனார். "சிகாரா நுயித்தெ" என்றார் காதருகில், பக்கத்து வீட்டம்மா பேசுகிற குரலில்.

இந்த வார்த்தையை வந்த நாளிலிருந்து எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். பலத்தை எடுத்துவிடு. சென்செய் சொல்கிறார், பையன் சொல்கிறான், பதினோரு வயது சொல்கிறது. நானும் ஊரில் பிள்ளைகளிடம் "தோளை லூஸ் பண்ணு" என்று தொண்டை வறளக் கத்துகிறவன்தான். எங்களுக்கு லூஸ் என்றால் குத்து போய்ப் படும் நொடிக்கு முன்பு வரை லூஸ், படும்போது இரும்பு. இங்கே அந்த இரும்பு நொடி வரவே வராது போலிருக்கிறது, அல்லது எனக்கு இன்னும் தெரியவில்லை. கையை விறைத்து அவரைத் தள்ளி வைத்தால், அந்த விறைத்த கையையே கைப்பிடியாக வைத்துத் திருப்பிப் போடுகிறார்கள்.

"மைத்தா" என்றேன். தோற்றேன் என்பதற்கு அந்தச் சொல். இல்லையென்றால் பாயை இரண்டு தட்டு. இன்று பதினொரு முறை சொன்னேன். கராத்தேயில் இப்படி ஒரு சொல்லை நான் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்ல இடமே வந்ததில்லை.

ஜூன் 18, புதன்

மோதிர விரல் பையனின் உடைக் கைக்குள் மாட்டித் திருகிவிட்டது. வெளியே வந்தபோது வேறு திசையைக் காட்டியது.

சென்செய் என்னைப் படியிறங்கிக் கீழே கூட்டிப்போனார். ஸ்டூலில் உட்கார வைத்து, விரலைப் பிடித்துக்கொண்டு, போன் மொழிபெயர்ப்பில் கோபி எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் ஈரோடு என்று ஆரம்பிக்கும்போதே டக். முடிந்தது. பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றினார்.

சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ். இங்கே இதற்கென்று அரசு உரிமம் பெற்ற தொழிலே உண்டு, ஜூடோ-செய்ஃபுகுஷி. ஜூடோ ஆசிரியர்களிடம் வழிவழியாக இருந்த எலும்பு கட்டும் வைத்தியம் படிப்பாக, தேர்வாக, உரிமமாக ஆகிவிட்டது. நம் ஊரிலும் இது புதிதல்ல, புத்தூர்க் கட்டைத் தெரியாதவர் யார். கன்னியாகுமரி பக்கம் அடிமுறை சொல்லித் தரும் ஆசான்தான் வர்ம வைத்தியமும் பார்ப்பார். அடிக்கத் தெரிந்தவனே கட்டவும் தெரிந்தவன். நான் மட்டும்தான் 26 வருடமாக அடிக்க மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு விரல் பிசகினால் அவன் அப்பாவுக்குப் போன் போடுகிறேன்.

காசு எவ்வளவு என்று கேட்டேன். கையை ஆட்டினார். இதைக் கேட்டதும் மாமியார் ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினார். பத்து நிமிடத்தில் காலி, சென்செய் மட்டும் ஆறு.

ஜூன் 20, வெள்ளி

யோகோஹாமா. துறைமுகத்தில் ஹிகாவா மாரு என்ற பழைய கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், 1930-ல் கட்டியது. 300 யென் டிக்கெட். வீட்டுக்குள்ளேயே இருந்து அலுத்துப்போன மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன், அதுதான் தப்பு.

சாப்பாட்டு அறை, வளைந்த மாடிப்படி, சாப்ளின்கூட 1932-ல் இதில் பயணம் பண்ணினாராம். கீழே எஞ்சின் அறையில் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. மாமியார் எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்தார். மேல்தளத்துக்கு வந்து காற்று வாங்கும்போது, "ஏன் மாப்பிள்ளை, இத்தனை தூரம் வந்து இந்தக் கப்பலை எதுக்குப் பாக்கறோம்?" என்றார்.

உற்சாகத்தில் சொல்லிவிட்டேன். கானோவின் கதையை. 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர அலைந்தவர், எகிப்தில் கூட்டத்துக்குப் போய்விட்டு அமெரிக்கா வழியாகத் திரும்பும்போது நிமோனியா வந்து, 1938 மே 4 அன்று, ஊர் சேர இரண்டு நாள் இருக்கையில், இதே கப்பலில் செத்துப்போனார். 77 வயது. அவர் போன இரண்டே மாதத்தில் ஜப்பான் அந்த ஒலிம்பிக்கே வேண்டாம் என்று கைவிட்டது.

மாமியார் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"குழந்தை பொறந்த வீட்டுல இருந்து சாவு விழுந்த இடத்துக்கா மாப்பிள்ளை கூட்டிட்டு வந்தீங்க?"

"எண்பத்தேழு வருஷம் ஆச்சுங்க அத்தை."

"ஆனா?"

வீடு திரும்பியதும் வாசலிலேயே கால் கழுவி, இருவரும் தலைக்குக் குளித்த பிறகுதான் குழந்தையிருந்த அறைப்பக்கம் போக முடிந்தது. மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டான்.

ஜூன் 21, சனி

கடைசி வகுப்பு. பாய் முழுக்கத் தினமும் பார்க்கிற முகங்கள். சுருங்கின உடையில் நான் தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்ட அண்ணன் மாதிரி இருந்தேன். கை குட்டையாக இருந்தால் எதிராளிக்குப் பிடிக்கத் துணி கிடைக்காது, போட்டியில் இதைப் போட விடமாட்டார்கள் என்று பையன் விளக்கினான். அப்படியானால் எனக்குத்தானே லாபம் என்றேன். அவன் காலரைப் பிடித்துப் போட்டான்.

வெங்காயத்தாள் அம்மாவோடு ஒரு சுற்று. சுற்றிச் சுற்றி வந்தோம். என் கை விறைக்கவில்லை, அல்லது விறைப்பதற்குள் ஞாபகம் வந்தது. அவர் வலது காலை முன்னே வைக்கப்போனார், பாதம் பாயில் இன்னும் அழுந்தவில்லை, நான் உள்ளங்காலால் பெருக்கினேன். கராத்தேயிலும் எங்களுக்கு இந்தக் கால்தட்டல் உண்டு, தட்டிவிட்டுக் குத்துவோம். இங்கே கையில் அவருடைய உடைக் கை இருந்தது. அவர் விழும்போது அதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டேன், தலை படாமல் இருக்க. அதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை, எல்லோரும் என்னைப் போடும்போது அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள் போல. ஒரே சத்தம், பளார்.

விட்டுக்கொடுத்தாரா, நிஜமா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டு "மோ இப்போன்" என்றார். இன்னும் ஒன்று. அடுத்த இரண்டு நிமிடத்தில் மூன்று தடவை போட்டார்.

முடிவில் சென்செய், உன் கராத்தேயைக் காட்டு என்றார். கன்கு-டாய் கட்டாவை, அதாவது தனியாளாகச் செய்யும் குத்து-தடுப்பு வரிசையை, செய்தேன். ஊரில் செய்யும்போது குத்துக்குக் குத்து உடை படக் படக் என்று வெடிக்கும், பிள்ளைகள் அதற்கே கைதட்டுவார்கள். இங்கே வியர்வையில் நனைந்த ஜமுக்காளம் சத்தமே போடவில்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் வழக்கத்தில் "ஓஸ்" என்று வந்துவிட்டது. அந்தப் பதினோரு வயது உடனே "ஓஸ்!" என்று திருப்பிக் கத்தியது, டோஜோ முழுக்கச் சிரிப்பு.

நாளை காலை விமானம். மழை மறுபடி தூறுகிறது. உடை பிழிந்தால் ஒரு வாளி வரும், நாளைக்குள் காயாது, மெஷின் பக்கம் இனி தலைவைக்க மாட்டேன். பெட்டியில் மாமியார் வாங்கித் திணித்த பிளாஸ்டிக் டப்பாக்களுக்கே எடை போதவில்லை. பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போகலாமா என்று நான் யோசித்து நிற்கும்போது, சென்செய் அதை என் கையிலிருந்து வாங்கி, உடை மாற்றும் அறையில் வரிசையாக இருந்த கொக்கிகளில் கடைசியில் இருந்த ஒன்றில் மாட்டினார். விரலுக்குச் சுற்றும் அதே வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து, பேனாவால் எழுதி, கொக்கிக்கு மேலே ஒட்டினார்.

என்ன எழுதியிருக்கிறது என்று மச்சினனுக்குப் படம் அனுப்பினேன். "செந்திரு" என்று பதில் வந்தது. அவர்களுக்கு 'ல்' வராது, இரண்டு வாரமாகவே எனக்குச் செந்திரு-சான் என்றுதான் பேர். செந்தில் போய் லட்சுமியானதை யாருக்கு விளக்குவது? டேப்பின் ஒரு ஓரம் ஈரச் சுவரில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.